ஜார்ஜ் தாமஸ்னு ஒரு ஜெனரல்: பொறந்த வீடும் ஏத்துக்கல, ஜெயிச்ச பக்கமும் பெருசா கொண்டாடல, ஏன்?

#1 திசைகாட்டி

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் சிக்கமாகா போர்க்களத்துக்குப் போயிட்டு வந்தேன், வந்ததுல இருந்து ஒரு மனுஷன் மனசுக்குள்ளயே உக்காந்திருக்காரு, அதான் இந்த இழை. இடம் ஜார்ஜியாவோட வட எல்லை, சட்டனூகாவுல இருந்து கார்ல கொஞ்ச நேரம்தான். 1890லயே பூங்காவா அறிவிச்சு வச்சிருக்காங்க, அமெரிக்கால முதல் ராணுவப் பூங்கா இதுதான். ஸ்னாட்கிராஸ் குன்றுன்னு சொல்ற இடத்துல போய் நின்னா ஒரு மேடு, மேல ஒரு சின்ன மரவீடு, சுத்தி மரம், அவ்ளோதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் அது, நாட்டோட நின்ன வடக்கு (யூனியன்) ஒரு பக்கம், பிரிஞ்சு போன தென் மாநிலங்க (கான்ஃபெடரேட்) ஒரு பக்கம். 1863 செப்டம்பர் 20 மத்தியானம் வடக்குப் படையில பாதி உடைஞ்சு ஓடிருச்சு, தலைமை ஜெனரல் ரோஸ்கிரான்ஸே சட்டனூகாவுக்குப் போயிட்டாரு, கூட ரெண்டு கோர் (பல டிவிஷன் சேந்த பெரிய படைப்பிரிவு) கமாண்டருங்களும் போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்கள இந்த மேட்டுல சேத்து நிறுத்தி சாயங்காலம் வரைக்கும் விடாம பிடிச்சவர் ஜார்ஜ் ஹென்றி தாமஸ். அன்னைக்கு வந்த பேருதான் 'சிக்கமாகாவின் பாறை'. ரெண்டு நாள்ல ரெண்டு பக்கமும் சேத்து சுமார் 34,000 பேரு செத்தோ அடிபட்டோ பிடிபட்டோ போனாங்க, அந்தப் போர்லயே கெட்டிஸ்பர்க்குக்கு அடுத்தது இதுதான்.

எனக்கு உறுத்துறது என்னன்னா, இவர் வர்ஜீனியாக்காரர். தெற்குப் படையோட பெரிய தளபதி ராபர்ட் லீ மாதிரியே. அமெரிக்கா வந்து இத்தன வருஷத்துல லீ பேர்ல ரோடு பாத்துட்டேன், ஸ்கூல் பாத்துட்டேன், சிலை பாத்துட்டேன், தாமஸ் பேர அந்த மேட்டுல நிக்கிற வரைக்கும் நான் கேள்விப்பட்டதே இல்ல. நாட்டுக்கு எதிரா சண்டை போட்டவர உலகத்துக்கே தெரியுது, நாட்டோட நின்னு அதைக் காப்பாத்தினவர தெரியல. இது எப்படி நடந்துச்சுன்னு இங்க படிச்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

#2 பீரங்கிப்பித்தன்

நல்ல இழை. அந்த மத்தியானம் படை ஏன் உடைஞ்சுதுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அது கோழைத்தனத்தால வந்தது இல்ல, ஒரு ஆர்டரால வந்தது. வரிசையில ஒரு எடம் காலியா இருக்குன்னு ரோஸ்கிரான்ஸுக்கு யாரோ சொல்றாங்க. உண்மையில அங்க காலி இல்ல, பிரானன் டிவிஷன் மரத்துக்கு நடுவுல நிக்குது, கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். உடனே வுட்டுங்கிற ஜெனரலுக்கு ஒரு ஆர்டர் போகுது, ரெனால்ட்ஸ் பக்கத்துல போய் ஒட்டி நின்னு அவருக்கு சப்போர்ட் பண்ணுன்னு. வுட்டுக்கும் ரெனால்ட்ஸுக்கும் நடுவுல பிரானன் இருக்காரு, அப்ப எப்படி ஒட்டுறது? பின்னால சுத்திதான் போகணும். வுட் தன் ஆளுங்கள வரிசையில இருந்து உருவிட்டாரு. இல்லாத ஓட்டைய அடைக்கப் போயி நிஜமாவே ஒரு ஓட்டைய உண்டாக்கிட்டாங்க. தெற்கு ஜெனரல் லாங்ஸ்ட்ரீட் வர்ஜீனியாவுல இருந்து ரயில்ல கூட்டிட்டு வந்த ஆளுங்களோட சரியா அந்த நேரத்துல அந்த எடத்துலயே நுழைஞ்சாரு. அவருக்கு அது தெரியவே தெரியாது, அதிர்ஷ்டம்தான்.

தாமஸ் தனியா நின்னாருன்னு சொல்றது பாதிதான். கோர்டன் கிரேஞ்சர்னு ரிசர்வ் படைத்தலைவர் தூரத்துல பீரங்கிச் சத்தம் கேட்டுட்டு, யாரும் ஆர்டர் போடாமலே கிளம்பி வந்து சேந்தாரு, தோட்டாவும் கொண்டாந்தாரு, இல்லனா சாயங்காலம் தாங்கியிருக்காது. மேட்டோட ஒரு ஓரத்துல 21வது ஒஹையோ ரெஜிமெண்ட் சுழல் அறை வச்ச கோல்ட் ரைபிளால சுட்டுட்டு இருந்துச்சு, அஞ்சு தடவ தொடர்ந்து சுடலாம், எதிரிக்கு அங்க ஒரு டிவிஷனே நிக்குதோன்னு தோணியிருக்கும். கார்ஃபீல்ட், பின்னாடி ஜனாதிபதி ஆனவரேதான், அப்ப ரோஸ்கிரான்ஸோட ஸ்டாஃப் தலைவர், அவர் குதிரைய ஓட்டிட்டு தாமஸ்கிட்ட திரும்பி வந்தாரு.

#3 கீழைக்காற்று

திசைகாட்டி சார் கேட்டதுக்கு பாதி பதில் அவரோட குடும்பத்துலயே இருக்கு. வர்ஜீனியாவுல சவுத்தாம்ப்டன் கவுண்டியில 1816ல பொறந்தவரு. 1831ல நாட் டர்னர் தலைமையில அடிமைங்க கிளர்ச்சி பண்ணது அந்த கவுண்டியிலதான், இவருக்கு அப்ப வயசு 15, வீட்டுல எல்லாரும் உயிருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினாங்க. அப்படி ஒரு வீட்டுல இருந்து வந்தவரு 1861ல யூனியனோட நிக்கிறேன்னு சொன்னதும் அக்கா தங்கச்சிங்க அவரோட படத்தை செவுத்தப் பாத்த மாதிரி திருப்பி வச்சுட்டாங்க. கடிதமெல்லாம் எரிச்சுட்டாங்க. போர் முடிஞ்சு தெற்குல சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டப்ப இவர் உதவி அனுப்பினாரு, எங்களுக்கு அப்படி ஒரு சகோதரனே இல்லன்னு திருப்பிட்டாங்களாம். படிக்கிறப்ப எனக்கு தொண்டை அடைச்சுச்சு, பொய் சொல்லல.

சிக்கமாகாவுல தெற்குப் படைக்குத் தலைவரா இருந்த பிராக் கதையும் கேளுங்க. மெக்ஸிகோ போர்ல பிராக் பீரங்கிப்படையில தாமஸ் கூட வேலை பாத்தவரு, ரெண்டு பேரும் நல்ல சிநேகிதம். சட்டனூகாவுல எதிரெதிரா நிக்கிறப்ப யாருக்கோ வந்த ஒரு கடிதத்தை தாமஸ் வெள்ளைக்கொடியோட அந்தப் பக்கம் அனுப்பி வச்சாரு, தன் மாநிலத்துக்கு துரோகம் பண்ணவன்கூட எனக்குப் பேச்சே கிடையாதுன்னு பிராக் திருப்பி அனுப்பிட்டாரு. அந்த பிராக் பேர்லதான் வட கரோலினாவுல பெரிய ராணுவ முகாமே இருந்துச்சு, 2023லதான் மாத்தினாங்க, 2025ல பேரு திரும்ப வந்துச்சு ஆனா இந்த தடவ ரெண்டாம் உலகப்போர்ல சண்டை போட்ட வேற ஒரு பிராக் பேர்ல. தன் நாட்டு ராணுவத்தையே எதிர்த்து, பெரும்பாலும் தோத்தவர் பேரு நூறு வருஷம் அந்த ராணுவத்தோட வாசல்லயே தொங்குச்சு, தாமஸுக்கு கென்டக்கியில ஃபோர்ட் தாமஸ்னு ஒரு சின்ன ஊரு.

#4 சாக்பீஸ்68

முப்பது வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்தவன்கிற முறையில கொஞ்சம் இடையில வரேன், கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் தாமஸை ஒரு புனிதரா ஆக்கிட்டு இருக்கீங்க.

1861 ஜனவரியில, அதாவது தென் கரோலினா ஏற்கனவே பிரிஞ்சு போனப்புறம், தாமஸ் வர்ஜீனியா ராணுவக் கல்லூரிக்கு கேடட்களோட கமாண்டன்ட் வேலை கேட்டு கடிதம் போட்டிருக்காரு. மார்ச்ல வர்ஜீனியா கவர்னர் பக்கத்துல இருந்து மாநிலத்தோட ஆயுதத்துறை வேலை பத்தி கேட்டப்ப எழுதின பதில்ல, கௌரவமா இருக்க முடியிற வரைக்கும் அமெரிக்க ராணுவத்த விட்டு வர விருப்பமில்லன்னு சொல்லிட்டு, என் வர்ஜீனியா யூனியன்ல இருக்கிற வரைக்கும்னு ஒரு வரியும் சேத்திருக்காரு. அந்த வரிய கவனிங்க. அவரும் தடுமாறினவர்தான். டெக்சாஸ்ல இருந்தப்ப ஒரு அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கினவரும் இவர்தான்.

இன்னொன்னு, வடக்குப் படைகளுக்கெல்லாம் தலைமைத் தளபதியா இருந்த கிராண்ட் பொறாமையில இவர அமுக்கிட்டாருன்னு நிறைய பேரு எழுதுவாங்க, இங்கயும் அது வரும்னு தெரியும். 1864 டிசம்பர்ல கிராண்ட் வர்ஜீனியாவுல பீட்டர்ஸ்பர்க் முன்னாடி உக்காந்திருக்காரு, அவருக்குக் கீழ இருந்த ஷெர்மன் ஜார்ஜியாவுக்குள்ள கடலைப் பாத்து போயிட்டாரு, தெற்கு ஜெனரல் ஹூட் டென்னஸிக்குள்ள வந்து தாமஸ் காக்குற நாஷ்வில் வாசல்ல நிக்கிறாரு. அந்த ஆளு நாஷ்வில்ல சுத்திட்டு கம்பர்லாண்ட் ஆத்தத் தாண்டி கென்டக்கி போய் ஒஹையோ ஆத்தங்கரைய தொட்டா நிலைமை என்ன? முழுப் போருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கிராண்ட். உடனே தாக்குன்னு தாமஸை விரட்டி அவர் அவசரப்பட்டதுல தப்பு என்ன இருக்கு?

#5 திசைகாட்டி

ஐயா, கோவிக்க என்ன இருக்கு, இதுக்குத்தான் இழை போட்டதே. வேலை கேட்ட கடிதம் உண்மைதான், ஆனா அதுக்கு முந்தின வருஷம் லிஞ்ச்பர்க் பக்கத்துல ரயில்ல இருந்து விழுந்து முதுகுல பலமா அடி, இனிமே குதிரைமேல உக்காந்து ராணுவத்துல இருக்க முடியுமான்னே சந்தேகம், அதனால உக்காந்து பாக்குற வேலையா தேடியிருக்காரு. தடுமாற்றம் இருந்திருக்கலாம், நான் மறுக்கல. எனக்கென்னவோ தடுமாறாம முடிவெடுத்தவர விட தடுமாறிட்டு சரியான பக்கம் நின்னவர்தான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு புரியிறாரு. லீயும் தடுமாறினாருதான். ஏப்ரல் 18 வடக்குப் படைக்குத் தலைமை ஏக்கச் சொல்லி கேட்டாங்க, 20ஆம் தேதி ராஜினாமா. ரெண்டு பேரும் 1855ல புதுசா ஆரம்பிச்ச ரெண்டாவது குதிரைப்படை ரெஜிமெண்ட்ல ஒண்ணா வேலை பாத்தவங்க, லீ லெப்டினன்ட் கர்னல், தாமஸ் மேஜர். ரெண்டு பேரும் அதே சத்தியப்பிரமாணம்தான் எடுத்தாங்க, ஒருத்தர் காப்பாத்தினாரு, அவ்ளோதான் நான் சொல்ல வரது.

கிராண்ட் விஷயத்துல நீங்க சொல்றத ஒத்துக்கறேன், ஆனா முழுசா இல்ல. ஷெர்மன் நல்ல ஆளுங்க சுமார் 60,000 பேரைக் கூட்டிட்டு போயிட்டாரு. தாமஸ் கையில இருந்தது ரெண்டு கோர், மிசோரியில இருந்து அப்பதான் வந்து இறங்கின ஏ.ஜே. ஸ்மித் ஆளுங்க, சட்டனூகாவுல இருந்து வந்த காவல் படை, அப்புறம் சப்ளை டிப்போவுல வேலை பாத்த குமாஸ்தாங்க. இத வச்சு ஒரு படைய கட்டவேண்டியிருந்துச்சு. கிராண்ட் கிட்ட இருந்து டிசம்பர் 6 தந்தி வருது, குதிரைப்படைக்கு குதிரை கிடைக்கட்டும்னு காத்திருக்காதே உடனே தாக்குன்னு. 9ஆம் தேதி பதவிய விட்டு எடுக்கிற ஆர்டரே எழுதியாச்சு, அனுப்பாம நிறுத்தி வச்சாங்க. அதுக்கு தாமஸோட பதில் என்ன தெரியுமா, என்னை மாத்தணும்னா மாத்துங்க, முணுமுணுக்காம ஏத்துக்கறேன்னு.

#6 பீரங்கிப்பித்தன்

குதிரைன்னு ஒரு வார்த்தையில போயிடறோம், அதுதான் மொத்த சண்டையோட சாவி. குதிரைப்படைத் தலைவர் ஜேம்ஸ் வில்சன், வயசு 27தான். குதிரை வேணும்னு அந்த சுத்துவட்டாரத்துல ஒண்ணு விடாம பிடிச்சாங்க, டிராம் இழுக்கிற குதிரை, சர்க்கஸ் குதிரை, அடுத்து துணை ஜனாதிபதியாகப் போற ஆண்ட்ரூ ஜான்சனோட வண்டிக் குதிரை கூட தப்பல. அது வெறும் ஓட்டத்துக்கு இல்ல. வில்சனோட ஆளுங்க குதிரையில வேகமா சுத்திப்போய் எதிரியோட இடது பக்கத்துக்கு வந்து இறங்கி நடந்து சுடுவாங்க, கையில ஏழு தோட்டா போடுற ஸ்பென்சர் கார்பைன். வேகமும் இருக்கு சுடுற பலமும் இருக்கு. அது இல்லாம நேரா போய் மோதியிருந்தா ஹூட்டோட மண் அரணுக்கு முன்னாடி ஆயிரக்கணக்குல செத்திருப்பாங்க. அத நவம்பர் 30 ஃபிராங்க்ளின்ல ஹூட்டே செஞ்சு காட்டிட்டாரே, திறந்தவெளியில நேரா மோதி 6,000க்கு மேல இழப்பு, ஆறு ஜெனரலுங்க உயிரு போச்சு, கிளபர்ன் உட்பட.

அப்புறம் ஐஸ் மழை. டிசம்பர் 9ல இருந்து பூமி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, மனுஷனே நிக்க முடியல, குதிரை எங்க ஏறும்? தாமஸ் கூப்பிட்டுப் பேசின ஜெனரலுங்களும் இந்த நிலத்துல தாக்க முடியாதுன்னுதான் சொன்னாங்க. மீட்டிங் முடிஞ்சப்புறம் வில்சன்கிட்ட மட்டும், என்னை ஸ்கூல் பையன் மாதிரி நடத்துறாங்கன்னு சொல்லியிருக்காரு, வில்சன் பின்னாடி எழுதி வச்சிருக்காரு. 14ஆம் தேதி ஐஸ் உருகுச்சு, 15 காலைல தாக்கினாரு. ரெண்டே நாள். மிச்சத்த யாராச்சும் எழுதுங்க, நான் ஆபீஸ் கிளம்பணும்.

#7 சாக்பீஸ்68

அந்த ஐஸ் விஷயம் நியாயம். ஆனா கிராண்டும் மனசுல வச்சு நடக்கலன்னு சொல்றதுக்கு ஒரு ஆதாரம். 1865ல அவர் கொடுத்த அதிகாரபூர்வ அறிக்கையில, ஹூட்டோட தோல்வி அவ்வளவு முழுமையா இருந்ததால அந்த அதிகாரியோட முடிவு சரிதான்னு ஏத்துக்கப்படும்னு அவரே எழுதியிருக்காரு. தன் தப்ப எழுத்துல ஒத்துக்கிற தளபதிங்க ரொம்ப கம்மி. வருஷம் கழிச்சு நினைவுக்குறிப்புல மறுபடி மெதுவான ஆளுன்னு எழுதினாரு, அது வேற. ஒரு இடத்தப் பிடிச்சு நில்லுன்னு கொடுத்துட்டா அவர அங்கிருந்து யாராலும் விரட்ட முடியாதுன்னும் அதே புத்தகத்துல எழுதினாரு. ரெண்டையும் சேத்துதான் படிக்கணும்.

#8 நீலவிளிம்பு

நான் பெரும்பாலும் படிச்சுட்டு மட்டும் போறவ, ஆனா நாஷ்வில் பத்தி இவ்ளோ பேசிட்டு ஒரு விஷயத்த யாரும் தொடல, அதனால எழுதறேன். அங்க கறுப்பின ரெஜிமெண்டுகள் சண்டை போட்டாங்க. அவங்கள்ல நிறைய பேரு அதே டென்னஸியில கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் அடிமையா இருந்தவங்க. மார்கன்னு ஒரு கர்னல், 14வது கறுப்பின ரெஜிமெண்டோட தலைவர், எழுதி வச்சிருக்காரு, உங்க ஆளுங்க சண்டை போடுவாங்களான்னு தாமஸ் அவர்கிட்ட கேட்டாராம், மார்பளவு மறைப்பு இருந்தா போடுவாங்க, திறந்தவெளியில சந்தேகம்தான்னு தாமஸுக்கு எண்ணம். அதாவது கீழைக்காற்று சொன்ன அந்த சவுத்தாம்ப்டன் பையன் அவருக்குள்ள இன்னும் இருந்தான்.

ரெண்டாம் நாள் டிசம்பர் 16, பீச் ஆர்ச்சர்ட் ஹில்னு ஒரு குன்று, ஓவர்டன் ஹில்னும் சொல்வாங்க. 13வது கறுப்பின ரெஜிமெண்ட் மேல ஏறுச்சு. மறைப்பு கிடையாது. வெட்டிப்போட்ட மரங்களுக்கு நடுவுல, மேல இருந்து நேரா வர குண்டுக்கு முன்னாடி. கொடி பிடிச்சவன் விழ இன்னொருத்தன் எடுக்க அவனும் விழ, அப்படி அஞ்சு பேரு. ஒரே ஒரு தாக்குதல்ல அந்த ஒரு ரெஜிமெண்ட் மட்டும் சுமார் 220 பேரை இழந்துச்சு. எதிர்ப்பக்கம் நின்ன ஹோல்ட்ஸ்கிளாங்கிற ஜெனரல் அவங்க தைரியத்தப் பத்தி தன்னோட அறிக்கையில எழுதினாரு, அதுவும் கான்ஃபெடரேட் ஜெனரல். சண்டை முடிஞ்சு அந்தச் சரிவுல உடல்கள் கிடந்த வழியா போனப்ப தாமஸ் கூட வந்தவங்க பக்கம் திரும்பி, கேள்வி தீந்துருச்சு, இவங்க சண்டை போடுவாங்கன்னு சொன்னதா பதிவு இருக்கு. எனக்கு அந்த வரி பெருமையாவும் இருக்கு கோபமாவும் இருக்கு. ஒரு மனுஷன் நம்புறதுக்கு 220 பேரு விழ வேண்டியிருந்துச்சு. ஆனா நம்பினாரு, நம்பினத அப்புறம் மாத்திக்கல, அத இந்த இழையில சேத்தே ஆகணும்.

#9 கீழைக்காற்று

நீலவிளிம்பு மேடம், நீங்க இன்னும் நிறைய எழுதணும். மாத்திக்கலன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு சாட்சி போருக்கு அப்புறம். டென்னஸி, கென்டக்கி பக்கமெல்லாம் அவர் பொறுப்புல இருந்தப்ப விடுதலையானவங்கள அடிக்கிற கும்பலுங்கள எதிர்த்து படை அனுப்பினாரு. 1868ல அறிக்கை எழுதறப்ப, தோத்தவங்க தாங்க விடுதலைக்காக சண்டை போட்ட மாதிரி ஒரு கதைய கட்டிப் பரப்புறாங்க, தேசத்துரோகத்துக்கு தேசபக்திச் சாயம் பூசுறாங்கன்னு தெளிவா எச்சரிச்சாரு. திசைகாட்டி சார் கேட்ட முதல் கேள்விக்கு பதிலே இதுல இருக்கு. லீ பேர்ல சிலையும் ரோடும் வந்தது அந்தக் கதை ஜெயிச்சதால. அந்தக் கதைக்குள்ள யூனியனோட நின்ன வர்ஜீனியாக்காரனுக்கு எடமே கிடையாது, அவன் இருந்தா கதை உடைஞ்சிடும். வேற வழியே இல்ல, மாநிலம் கூப்பிட்டா போய்த்தான் ஆகணும்னு லீக்காக சொல்றாங்களே, தாமஸ் போகலயே? அப்ப அமெரிக்க ராணுவத்துக்கே தலைவரா இருந்த வின்ஃபீல்ட் ஸ்காட்டும் வர்ஜீனியாதான், அவரும் போகலயே?

#10 தூரதேசம்

எல்லாரும் சொன்னதோட ஒண்ணு சேக்கறேன், அவர் தானே தன்னோட பேர காப்பாத்திக்கல. கிராண்ட், ஷெர்மன், ஷெரிடன் எல்லாரும் நினைவுக்குறிப்பு எழுதினாங்க, இவர் எழுதல, சொந்தக் கடிதமெல்லாம் வெளிய வரக்கூடாதுன்னு அழிச்சுட்டாரு. 1868ல ஜனாதிபதி ஜான்சன் கிராண்டோட மோதிக்கிட்டு இவர லெப்டினன்ட் ஜெனரலா ஆக்கப் பாத்தாரு, கிராண்டுக்குப் போட்டியா நிறுத்தலாம்னு. அரசியல்னு புரிஞ்சு வேண்டாம்னுட்டாரு. கிராண்ட் இவர எப்படி நடத்தினாருன்னு நினைச்சுப் பாருங்க, அதுக்கப்புறமும் அந்த வாய்ப்ப எடுத்துக்கல.

1870 மார்ச் 28 சான் ஃபிரான்சிஸ்கோவுல, நாஷ்வில்ல இவர் நடந்துகிட்டத குறை சொல்லி வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரைக்கு பதில் எழுதிட்டு இருக்கிறப்பவே பக்கவாதம், அன்னைக்கே போயிட்டாரு. வயசு 53. வாழ்நாள் பூரா தனக்காக பேசாத மனுஷன் கடைசியா பேச ஆரம்பிச்ச காகிதம் முடியல. அடக்கம் நியூயார்க் மாநிலத்துல ட்ராய், மனைவியோட ஊரு. ஜனாதிபதி கிராண்ட் வந்தாரு. வர்ஜீனியா ரத்த சொந்தம் ஒருத்தர் வரல.

#11 சாக்பீஸ்68

தூரதேசம் எழுதினத படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அவர் மெதுவுங்கிற பேரு வந்த கதைய நானும் சொல்றேன். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில குதிரையேத்தம் சொல்லிக் கொடுத்தப்ப கிழட்டுக் குதிரைங்கள பசங்க நாலுகால் பாய்ச்சல்ல விரட்டுறத அனுமதிக்க மாட்டாரு, மெதுவா துள்ளுநடைன்னு சத்தம் போடுவாரு, அதுல இருந்து வந்த பட்டப்பேரு 'கிழ மெது துள்ளுநடை'. குதிரை மேல இருந்த இரக்கத்துக்கு வச்ச பேரு, பின்னாடி அவர் சண்டை போடுற விதத்துக்கு ஒட்டிக்கிச்சு. சட்டனூகா பக்கத்து மிஷனரி ரிட்ஜ் மலையில, 1863 நவம்பர் 25, அவரோட ஆளுங்களுக்கு அடிவாரத்துல எதிரி பதுங்கியிருந்த குழிங்கள பிடிங்கன்னுதான் ஆர்டர், பிடிச்சுட்டு நிக்காம ஆர்டரே இல்லாம மலை உச்சிக்கு ஏறிட்டாங்க, யார் மேல போகச் சொன்னதுன்னு கிராண்ட் கோபமா கேக்க, எனக்குத் தெரியல நான் சொல்லலன்னாரு தாமஸ். மெதுவான தளபதியோட படை அப்படி ஏறுமா? அவர நம்பின படைதான் ஏறும். நான் ஆரம்பத்துல எழுதினதுல கிராண்ட் அவசரப்பட்டதுல தப்பில்லன்னத அப்படியே வச்சுக்கறேன். தாமஸ் காத்திருந்ததும் தப்பில்லன்னு சேத்துக்கறேன்.

#12 பீரங்கிப்பித்தன்

ஆபீஸ்ல இருந்து வந்துட்டேன், நாஷ்வில் மிச்சத்த யாரும் எழுதல. ரெண்டாம் நாள் சாயங்காலம் ஹூட்டோட இடது பக்கம் நொறுங்குச்சு, வில்சன் ஆளுங்க பின்னாடி வரைக்கும் போயிட்டாங்க, சுமார் 4,500 பேரு பிடிபட்டாங்க. மழையிலயும் சேத்துலயும் டிசம்பர் கடைசி வரைக்கும் டென்னஸி ஆறு மட்டும் துரத்தினாங்க. ஜனவரியில ஹூட் ராஜினாமா. அந்தப் போர்ல ஒரு பெரிய படை ஒரே சண்டையில இப்படி இல்லாமலே போனது அபூர்வம். தாமஸுக்கு பதிலா அனுப்பின லோகன் லூயிவில் வரைக்கும்தான் வந்திருந்தாரு, கிராண்டே நேர்ல கிளம்பி வாஷிங்டன்ல நிக்கிறப்ப ஜெயிச்ச செய்தி தந்தியில வந்துச்சு.

#13 திசைகாட்டி

எல்லாருக்கும் நன்றிங்க, ஒரு மேட்டப் பாத்துட்டு வந்து கேட்டதுக்கு இவ்ளோ கிடைக்கும்னு நினைக்கல. சட்டனூகாவுல ராணுவ மயானம் அமைக்கிறப்ப எந்த மாநிலத்து ஆளுங்கள எந்தப் பக்கம் புதைக்கணும்னு பாதிரியார் கேட்டதுக்கு, வேணாம், எல்லாரையும் கலந்து புதைங்க, மாநில உரிமை பேச்சு கேட்டு அலுத்துப்போச்சுன்னு தாமஸ் சொன்னாராம், அங்க போயிருந்தும் அது தெரியாம திரும்பிட்டேன், அடுத்த தடவ கண்டிப்பா நின்னு பாப்பேன்.

கீழைக்காற்று எழுதின அக்கா தங்கச்சி விஷயத்த படிச்சப்புறம் நானும் கொஞ்சம் தேடினேன். மெக்ஸிகோ போர்ல இவர் பண்ண சேவைக்காக சவுத்தாம்ப்டன் கவுண்டி மக்கள் சேந்து ஒரு வாள் பரிசா கொடுத்திருக்காங்க. 1861ல அது அந்த வீட்டுலயே தங்கிருச்சு, போருக்கு அப்புறமும் அவர் கைக்கு வரல. சகோதரிங்க அத தூக்கிப் போடல, உருக்கல, விக்கல. கடைசி வரைக்கும் வச்சிருந்து வர்ஜீனியா வரலாற்றுச் சங்கத்துக்கு கொடுத்துட்டாங்க. படத்த செவுத்துப் பக்கம் திருப்பினவங்க வாள ஏன் பத்திரமா வச்சிருந்தாங்கன்னு எனக்கு யோசனையாவே இருக்கு. ரிச்மண்ட் எனக்கு ஆறு மணி நேர டிரைவ், ஏப்ரல்ல பசங்களுக்கு லீவு, போயி பாத்துட்டு வந்து எழுதறேன்.

#14 நீலவிளிம்பு

போற வழியில நாஷ்வில்லும் எட்டுற தூரம்னா பீச் ஆர்ச்சர்ட் ஹில் பக்கம் ஒரு தடவ போங்க. அந்த சரிவுல இப்போ பெரும்பாலும் வீடும் நெடுஞ்சாலையும்தான். இருந்தாலும் போங்க.